அலுவலகக் கதிரையை உடலுக்கேற்ப அமைத்துக்கொள்வது எப்படி

"நிமிர்ந்து இரு" என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டு வளர்ந்த நாம், வேலைக்குப் போன பின்னும் அதையே நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். சொன்னவுடன் நிமிர்கிறோம், கையிலிருக்கும் கோப்பில் கவனம் போனதும் மறுபடி கூனுகிறோம். இதை மனவுறுதிக் குறைவு என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. முதுகுத் தசைகளால் ஒரே இறுக்கத்தில் நெடுநேரம் நிற்க இயலாது; களைத்ததும் அவை விட்டுவிடும். அதன்பின் உடல் எந்த நிலைக்குச் சரியும் என்பதைக் கதிரையின் உயரமும் மேசையின் உயரமும் திரை நிற்கும் இடமுமே தீர்மானிக்கின்றன. ஆகவே முதுகைத் திருத்துவதற்கு முன் கதிரையைத் திருத்த வேண்டும். அதற்கு ஓர் அளவுநாடாவும் அரை மணி நேரமும் போதும்.

கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் வழமையான வேலை நேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என வரையறுத்திருக்கிறது. கொழும்பின் கோட்டையிலோ யூனியன் பிளேஸிலோ கணினி முன் வேலை செய்யும் ஒருவர் அந்த நேரத்தின் பெரும்பகுதியை ஒரே கதிரையில் கழிக்கிறார். பாணந்துறையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் இருக்கை கிடைத்து வந்தவராயின், காலி வீதி நெரிசலில் அமர்ந்திருந்த நேரமும் அதனுடன் சேர்கிறது. கட்டிலுக்கு அடுத்தபடியாக நம் உடலைத் தாங்கும் பொருள் அலுவலகக் கதிரைதான். அப்படியிருந்தும், அதன் அடியில் இருக்கும் பிடிகள் எதற்கானவை என்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

நாரி நோவது ஏன்

நிற்கும்போது நமது நாரிப் பகுதியில், அதாவது கீழ்முதுகில், முள்ளந்தண்டு உட்புறமாகச் சற்று வளைந்திருக்கும். அங்குள்ள ஐந்து முள்ளென்புகளும் அவற்றுக்கிடையே உள்ள தட்டுகளும் அந்த வளைவில் இருக்கும்போதுதான் பாரம் ஒழுங்காகப் பகிரப்படுகிறது. நாம் அமர்ந்து தொடையை மேலே மடக்கும்போது தொடையின் பின்புறத் தசைகளும் பிட்டத் தசைகளும் இடுப்பென்பைப் பின்னோக்கி இழுக்கின்றன; இடுப்பென்பு பின்னால் சுழன்றதும் அதன்மேல் நிற்கும் நாரி தட்டையாகிவிடுகிறது. நாரி தட்டையானால் மேல்முதுகு கூனும்; மேல்முதுகு கூனினால் தலை முன்னே நீளும். நான்கரை முதல் ஐந்து கிலோகிராம் வரை எடையுள்ள தலை, தோளுக்கு நேர்மேலே நிற்காமல் முன்னால் தொங்கும்போது, அதைப் பிடித்துவைக்கும் வேலை முழுவதும் பிடரித் தசைகளின் மேல் விழுகிறது. மாலையில் பிடரி இறுகி நோகிறது என்று சொல்பவரின் பிரச்சினை பல வேளைகளில் இடுப்பில் தொடங்கியதாகவே இருக்கும். பிடரிக்கு மட்டும் தைலம் பூசிக்கொண்டிருந்தால் அது மறுநாளும் நோகத்தான் செய்யும்.

சுவீடனைச் சேர்ந்த ஆல்ப் நாகெம்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், 1960களில் உயிருள்ள மனிதர்களின் நாரித் தட்டுகளுக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். சாய்மானமின்றி அமர்ந்திருக்கையில் அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிடக் கூடுகிறது என்பது அவருடைய முடிவு. 1999இல் ஜேர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரேயொரு தன்னார்வலரிடம் புதிய கருவியால் அளந்தபோது, வெறுமனே அமர்வதற்கும் நிற்பதற்கும் இடையில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆயினும் முன்னால் குனிந்து அமர்ந்தபோது அழுத்தம் வெகுவாகக் கூடியதையும், பின்னால் சாய்ந்தபோது குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள். 2006இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை வெவ்வேறு நிலைகளில் அமர்த்தி எம்.ஆர்.ஐ. படமெடுத்தவர்கள், உடலும் தொடையும் 135 பாகையில் இருக்கும் சாய்ந்த நிலையே தட்டுகளுக்கு இலேசானது என்றார்கள். அவ்வளவு சாய்ந்தால் விசைப்பலகை எட்டாது என்பது உண்மை. எனினும் இவை எல்லாவற்றிலும் பொதுவாகத் தெரியும் ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்: சுவரோடு ஒட்டியது போல நேராக 90 பாகையில் விறைத்திருப்பதைவிட, சாய்மானத்தில் முதுகைக் கொடுத்து 100 முதல் 110 பாகை வரை சற்றுச் சாய்ந்திருப்பது நாரிக்கு நல்லது. நிமிர்ந்திருப்பதற்குக் கிடைக்கும் பாராட்டு சாய்ந்திருப்பதற்குக் கிடைப்பதில்லை. சாய்பவரைச் சோம்பேறி என்று நினைக்கும் மேலதிகாரிகளும் இருக்கிறார்கள். அந்த எண்ணம் மாறவேண்டியது அவசியம்.

உயரம்: மேசையிலிருந்து தொடங்குங்கள்

வழக்கமான வழிகாட்டிகள் பாதத்திலிருந்து தொடங்கும். பாதம் தரையில் பதியும்படி கதிரையை இறக்குங்கள், பின்பு மேசையைச் சரிசெய்யுங்கள் என்று அவை சொல்லும். மேசை ஏறி இறங்கக்கூடியதாயின் அது சரியான முறையே. நமது அலுவலகங்களில் மேசை அசையாது. கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 73 முதல் 76 சென்ரிமீற்றர் உயரமானவை. நம்மைவிட நெட்டையான உடல்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட அளவு அது. நம் பெண்களில் பெருந்தொகையானோரின் உயரம் 150க்கும் 160க்கும் இடைப்பட்டது. ஆகையால் மாற்ற முடியாததை முதலில் அளந்து, மாற்றக்கூடியதை அதற்கேற்ப அமைப்பதே இங்கு பொருத்தமான வழி.

கோட்டையில் ஒரு கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 152 சென்ரிமீற்றர். தன் கதிரையை அவர் எப்போதும் ஆகக் கீழே இறக்கியே வைத்திருந்தார். அப்படியிருந்தும் குதிக்கால் தரையில் முழுதாகப் பதியவில்லை. ஆகவே இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, கால்விரல்களை ஊன்றி, சாய்மானத்தைத் தொடாமலே நாள் முழுவதும் இருந்தார். விசைப்பலகை அவருடைய நெஞ்சுக்குக் கிட்டிய உயரத்தில் இருந்ததால், தட்டச்சுச் செய்யும்போது இரு தோள்களும் காதை நோக்கி ஏறியிருந்தன. மதியத்திற்குள் தோள் கடுக்கும் என்பார்.

அவரை இருக்கையில் முழுதாகப் பின்தள்ளி அமரச் செய்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தபோது, இருக்கையிலிருந்து முழங்கை வரை 23 சென்ரிமீற்றர். மேசையோ 75. முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டுமாயின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 52 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும். கதிரையை அவ்வளவுக்கு ஏற்றினோம். இப்போது கால்கள் தொங்கின. காலணியுடன் அவருடைய முழங்கால் மடிப்பின் உயரம் 40. குறையும் 12 சென்ரிமீற்றரை நிரப்ப அந்தப் பிரிவிலேயே பொருள் இருந்தது. பிரிக்காத ஏ4 தாள் கட்டு ஒன்று, 500 தாள்களுடன், ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் தடிப்புடையது. இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 10. அவ்வாறு இரண்டு அடுக்குகளைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, அகன்ற ஒட்டுநாடாவால் சேர்த்துச் சுற்றி, அதன்மேல் ஒரு பழைய கால்மிதியை விரித்தோம். இரு பாதங்களும் முழுதாகப் பதிந்தன. முதுகு தானாகவே சாய்மானத்தில் போய் அமர்ந்தது. "நிமிருங்கள்" என்று எவரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதையே நீங்களும் செய்யலாம். கதிரையின் வலப்புற அடியில் இருக்கும் பிடியை மேலே இழுத்தபடி பாரத்தை எடுத்தால் இருக்கை எழும்பும். அமர்ந்தபடி இழுத்தால் இறங்கும். தோளைத் தொங்கவிட்டு, மேற்கையை விலாவோடு வைத்து முழங்கையை மடக்கும்போது, முன்கை மேசைப் பரப்புக்குச் சமமாகவோ அதைவிடச் சற்று மேலாகவோ இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பின்பு கால்களைப் பாருங்கள். தொடை தரைக்குச் சமாந்தரமாகவோ முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்தோ இருந்து, பாதம் முழுதாக ஊன்றியிருந்தால் நல்லது. ஊன்றவில்லையாயின் பாதத்துக்கு மேடை தேவை. குதியுயர்ந்த காலணியுடன் வேலை செய்பவர் அதை அணிந்தபடியே அளக்கவேண்டும். மேசைக்கடியில் காலணியைக் கழற்றிவிடும் பழக்கம் உள்ளவர் வெறுங்காலுடன் அளக்கவேண்டும்.

175 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ள ஆண்களுக்குப் பிரச்சினை எதிர்ப்பக்கமாக வரும். கதிரை தாழ்ந்து, முழங்கால் இடுப்பைவிட மேலே எழும்பி, நாரி முற்றாகத் தட்டையாகும். அவர்கள் கதிரையை ஏற்றி, மேசைக் கால்களின் கீழ் உறுதியான மரக்கட்டைகளை வைக்கலாம். நான்கு கட்டைகளும் ஒரே தடிப்பாக இருப்பது முக்கியம்.

இருக்கையின் ஆழமும் சாய்மானமும்

உயரம் சரியானதும் பிட்டம் சாய்மானத்தைத் தொடும்வரை பின்னால் தள்ளி அமருங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் இரண்டு அல்லது மூன்று விரல்கள் நுழையவேண்டும். நுழையாவிட்டால் இருக்கை உங்களுக்கு ஆழம் கூடியது. விளிம்பு முழங்காலின் பின்னால் அழுத்தி, குருதியோட்டத்தைத் தடுத்து, கால் விறைக்கும். அதைத் தவிர்க்க உடல் தன்னையறியாமல் முன்னே வழுக்கும். முகாமையாளர் அறைகளில் காணப்படும் பெரிய ரெக்சின் கதிரைகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. பார்வைக்கு அவை கம்பீரமானவை, எனினும் சிறிய உடலுக்கு அவற்றைப்போல் பொருந்தாதது வேறில்லை என்பதே என் கருத்து. இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி உங்கள் கதிரையில் இருந்தால் பயன்படுத்துங்கள்; இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் ஒரு உறுதியான, தடித்த அணையை வைத்து ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாரிக்குக் கொடுக்கும் தாங்கல் எங்கே இருக்கிறது என்பதில் கவனம் வேண்டும். அழுத்தி அமர்ந்த இருக்கையிலிருந்து 15 முதல் 25 சென்ரிமீற்றருக்குள், இடுப்புப்பட்டியின் மட்டத்திலும் அதற்குச் சற்று மேலும், சாய்மானம் உங்களை முன்னோக்கி மெல்லத் தள்ளவேண்டும். பல கதிரைகளில் சாய்மானத்தை இரு கைகளாலும் பிடித்து மேலே தூக்கினால் படிப்படியாக ஏறும். ஆக உச்சிவரை தூக்கிவிட்டால் மறுபடி அடிக்கு விழும். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது. தாங்கலே இல்லாத கதிரையாயின் ஒரு கைத்துவாயை இறுகச் சுருட்டி, இரு முனைகளிலும் றப்பர் வளையம் போட்டு, நாரியின் உள்வளைவில் வையுங்கள். துவாய் நாரியை நிரப்பினால் போதும். வயிறு முன்னே பிதுங்குமளவுக்குத் தடிப்பாக இருந்தால் ஒரு சுற்றைக் குறையுங்கள்.

ஆண்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. காற்சட்டையின் பின்பையில் அடையாள அட்டை, வங்கி அட்டைகள், பற்றுச்சீட்டுகள் எல்லாம் திணித்த பணப்பையுடன் அமர்ந்தால் இடுப்பின் ஒருபக்கம் உயர்ந்து, முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைகிறது. அதே இடத்தின் கீழாகவே காலுக்குப் போகும் பெரிய நரம்பு செல்வதால், நாளடைவில் பிட்டத்திலும் தொடையிலும் உளைவு தோன்றலாம். அமரும் முன் பணப்பையை எடுத்து லாச்சியில் வைத்துப் பூட்டுங்கள். சேலை உடுத்து வேலைக்கு வரும் பெண்கள், முந்தானை கதிரையின் சில்லுகளில் சிக்காதபடி மடியில் எடுத்துவிட்டு அமர்வது நல்லது. சிக்கிவிடும் என்ற பயத்திலேயே ஒருபக்கமாகச் சரிந்து அமர்ந்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

சாய்மானம் பின்னால் அசையும் கதிரைகளில் அந்த அசைவைப் பூட்டிவைக்கும் பிடியொன்று இருக்கும். அதைத் திறந்துவிடுங்கள். இருக்கையின் அடியில், முன்பக்கத்தில், உருண்டையான திருகு ஒன்று தென்படும். அதுவே சாய்வின் விறைப்பைக் கூட்டிக் குறைப்பது. முதுகைச் சற்றுத் தள்ளினால் சாய்ந்து, முன்னே வந்தால் கூடவே வரும் அளவுக்கு அதைத் திருப்பி வையுங்கள். விறைப்பைச் சரியாக அமைத்த கதிரை நீங்கள் அசையும்போதெல்லாம் முதுகைத் தாங்கியபடி தொடர்ந்து வரும்.

கைப்பிடிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தோளை உயர்த்தாமல் முழங்கை இலேசாக ஓய்வெடுக்கும் உயரத்தில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மேசை விளிம்பில் இடித்து உங்களை மேசையிலிருந்து தூரத்தில் நிறுத்துமாயின் இறக்குங்கள், இறங்காவிட்டால் கழற்றிவிடுங்கள்.

திரை, விசைப்பலகை, மவுஸ்

கண் போகும் இடத்துக்குத் தலை போகும். தலை போகும் இடத்துக்கு முதுகு போகும். ஆகையால் கதிரையை எவ்வளவு நன்றாக அமைத்தாலும் திரை தவறான இடத்தில் இருந்தால் பலனில்லை. சாய்ந்தமர்ந்து கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். 50 முதல் 100 சென்ரிமீற்றர் வரை ஏற்றுக்கொள்ளப்பட்ட தூரமே. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். திரையை உயர்த்தத் தாள் கட்டுகளோ, எல்லா அலுவலகங்களிலும் அடுக்கிக் கிடக்கும் பழைய சீ.ஆர். புத்தகங்களோ (தடித்த அட்டைக் குறிப்பேடுகள்) போதும். இருபார்வைக் கண்ணாடி அணிபவர்களுக்கு மட்டும் இது மாறும். அவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் திரையைப் பார்ப்பதற்காக நாடியை மேலே தூக்குவார்கள். நாள் முழுவதும் அப்படித் தூக்கினால் பிடரி பிடித்துக்கொள்ளும். அவர்கள் திரையை நன்கு தாழ்த்தி, சற்றுப் பின்னே சரித்து வைக்கவேண்டும். கணினித் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்வது அதிலும் மேல். எழுத்து சிறிதாக இருந்தால் தலையை முன்னே நீட்டாமல் எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

கொழும்பின் கரையோர மாடிக் கட்டடங்களில் மேற்குப் பார்த்த யன்னல் பலருக்குக் கிடைத்திருக்கிறது. காலையில் கடல் அழகாகத் தெரியும் அந்த யன்னல், பிற்பகல் மூன்று மணிக்குப் பின் கண்ணைக் கூசவைக்கும். யன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெயில் திரையில் தெறிக்கும். முன்னால் இருந்தால் திரை இருண்டு தெரியும். இரண்டிலும் நாம் கண்ணைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, உடலைச் சரித்து வேலை செய்கிறோம். திரையை யன்னலுக்குச் செங்குத்தாக, வெளிச்சம் பக்கத்திலிருந்து வரும்படி திருப்புங்கள். மேசையைத் திருப்ப முடியாவிடின் திரைச்சீலையை இறக்கிவிட்டு மின்விளக்கில் வேலை செய்வது முதுகுக்கு நல்லது.

விசைப்பலகையின் பின்புறத்தில் இருக்கும் சிறு கால்களை மடித்துவிடுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. எழுத்துப் பகுதியின் நடு உங்கள் தொப்புளுக்கு நேராக இருக்கவேண்டும். முழு விசைப்பலகையின் வலப்பக்கத்தில் இலக்கப் பகுதி இருப்பதால் மவுஸ் வெகு தூரத்துக்குத் தள்ளப்படுகிறது. வலத்தோள் மட்டும் நோகிறது என்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். இலக்கப் பகுதியை அதிகம் பாவிக்காதவர் அது இல்லாத சிறிய விசைப்பலகைக்கு மாறலாம். கணக்காய்வு நிறுவனங்களிலும் வங்கிகளிலும் நாள் முழுவதும் இலக்கம் அடிப்பவர்கள் விசைப்பலகையையே இடப்பக்கம் நகர்த்தி, இலக்கப் பகுதியை வலக்கைக்கு நேராகக் கொண்டுவருவது பொருத்தம். அவர்கள் பார்த்து அடிக்கும் பற்றுச்சீட்டுகளை மேசையின் இடது மூலையில் தட்டையாகக் கிடத்தாமல், திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் ஒரு சரிவான தாங்கியில் வைத்தால், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை கழுத்தைத் திருப்பும் வேலை மிச்சமாகும்.

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டச்சுச் செய்யாதீர்கள். ஹெட்செட் இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் போடுங்கள். அதுவும் இயலாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

மடிக்கணினியும் சாப்பாட்டு மேசையும்

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை எட்டாது. கைக்கு ஏற்றபடி வைத்தால் தலை குனியும். ஆகவே மடிக்கணினியில் மணிக்கணக்காக வேலை செய்யும் எவருக்கும் தனியான ஒரு விசைப்பலகையும் மவுஸும் அவசியம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். புதிய கதிரைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. கிடைக்கும் ஆறுதலோ பெரிது.

2020இல் ஊரடங்கும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தபோது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடி வீடுகளின் சாப்பாட்டு மேசைகள் அலுவலகங்களாயின. பலருக்குக் கிழமையில் சில நாள் அது இன்றும் தொடர்கிறது. சாப்பாட்டு மேசையின் உயரம் அலுவலக மேசையைப் போன்றதே, ஆனால் சாப்பாட்டுக் கதிரை ஏறாது. பிளாஸ்ரிக் கதிரையாயின் இருக்கை பின்னோக்கிச் சரிந்திருக்கும். அடியில் ஒரு கெட்டியான அணையைப் போட்டு முழங்கையை மேசை மட்டத்துக்கு ஏற்றி, நாரிக்குத் துவாய்ச் சுருளை வைத்து, பாதத்துக்குப் பலகைக்கட்டை ஒன்றைக் கொடுத்தால், அலுவலகக் கதிரைக்குக் கிட்டிய நிலை கிடைத்துவிடும். கட்டிலில் கால்நீட்டி, மடியில் கணினியை வைத்து வேலை செய்வதை எந்த அணையாலும் திருத்த முடியாது.

அமர்ந்தே இராதீர்கள்

மேலே சொன்ன யாவற்றையும் செய்து முடித்தவருக்கும் ஒரே நிலையில் இரண்டு மணித்தியாலம் இருந்தால் நோகும். வளர்ந்தவரின் முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளின் உட்பகுதிக்கு நேரடிக் குருதியோட்டம் இல்லை. சுற்றியுள்ள இழையங்களிலிருந்து ஊறிவரும் பாய்பொருளே அவற்றுக்கு உணவு. உடல் அசையும்போது அழுத்தம் மாறி மாறி வருவது அந்தப் பரிமாற்றத்துக்கு உதவுகிறது. தசையும் அப்படியே, இறுகியே இருந்தால் களைக்கும், மாறி மாறி வேலை செய்தால் தாங்கும். மணிக்கொரு தடவை ஐந்து முதல் பத்து நிமிடம் வேலையை மாற்றுவது, இரண்டு மணிக்கொரு தடவை இருபது நிமிடம் ஓய்வெடுப்பதைவிட நல்லது என்று பிரித்தானியாவின் தொழிற் சுகாதார அதிகாரசபை அறிவுறுத்துகிறது. என்னைக் கேட்டால் அரை மணிக்கொரு தடவை ஒரு நிமிடமாவது எழுந்து நிற்பதை அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மேசைக்கே வந்துசேரும் தேநீரை, நீங்களே போய் எடுத்து, நின்றபடி குடியுங்கள். சிறிய போத்தலில் தண்ணீர் வைத்தால் நிரப்புவதற்காக அடிக்கடி எழ நேரிடும். மேல் மாடியில் இருப்பவரிடம் கேட்கவேண்டியதை மின்னஞ்சலில் அனுப்பாமல் படியேறிப் போய்க் கேளுங்கள். சோற்றுப் பொதியைத் திரைக்கு முன்னாலேயே அவிழ்க்கும் வழக்கத்தைக் கைவிட்டு, உணவகத்துக்கோ வேறு அறைக்கோ போங்கள். மாலையில் கோட்டை நிலையத்திலிருந்து புறப்படுபவர் இருக்கைக்கு முண்டியடிக்காமல் வெள்ளவத்தை வரையாவது நின்றே போகலாம். நாள் முழுவதும் அமர்ந்திருந்த உடலுக்கு அது ஒரு நன்மை.

எழுந்து நிற்கும்போது செய்யத்தக்க மூன்று அசைவுகளை மட்டும் சொல்கிறேன். இரு கைகளையும் நாரியில் வைத்து, முழங்காலை மடக்காமல், மெதுவாகப் பின்னால் வளைந்து திரும்புங்கள். ஐந்தாறு தடவை போதும். அடுத்து, முகத்தை நிமிர்த்தாமலும் குனியாமலும் நாடியை நேர்பின்னே உள்ளிழுத்து, ஐந்து எண்ணி விடுங்கள். முன்னே நீண்ட தலை தோளுக்கு மேலே திரும்புவதை அப்போது உணர்வீர்கள். மூன்றாவதாக, ஒரு காலைப் பின்னே வைத்து, பிட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னே தள்ளினால் பின்காலின் முன்தொடை இழுபடும். நெடுநேரம் மடங்கியிருந்து குறுகிப்போகும் தசை அதுதான். கதிரையை விட்டு எழவே முடியாத கூட்டங்களில் குதிக்காலையும் கால்விரல்களையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டிருங்கள். கெண்டைக்கால் தசை இயங்கி, காலில் தேங்கும் குருதியை மேலே அனுப்பும்.

புதிய கதிரை வாங்குபவர்களுக்கு

விலை கூடியது உங்களுக்குப் பொருந்தும் என்றில்லை. ஐந்து கால் கொண்ட அடி, உறுதியான உயர மாற்றம், ஏறி இறங்கும் சாய்மானம், இறங்கக்கூடிய கைப்பிடி ஆகியவை இருந்தால் பெரும்பாலான தேவை நிறைவேறும். இருக்கையின் ஆழத்தை அளவுநாடாவால் அளந்து, உங்கள் பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தைவிட 5 சென்ரிமீற்றராவது குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். நமது புழுக்கத்துக்கு வலைப்பின்னல் முதுகு ஏற்றது. ரெக்சின் வியர்த்து ஒட்டும். பழைய கதிரை வாங்குவதாயின் இருக்கையை உயர்த்தி, அமர்ந்து, பத்து நிமிடம் கடைக்காரருடன் பேசிக்கொண்டிருங்கள். அதற்குள் தானாக இறங்கினால் காஸ் சிலிண்டர் பழுது. இருக்கையின் நடுவைக் கட்டைவிரலால் அழுத்தும்போது பலகை தட்டுப்பட்டால் பஞ்சு போய்விட்டது என்று பொருள்.

எப்போது வைத்தியரைப் பார்ப்பது

கதிரையைத் திருத்திய பின்னும் சில கிழமைகளுக்கு மேல் நோவு நீடித்தால், அல்லது நோவு பிட்டத்தைத் தாண்டி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், விறைப்போ எரிவோ தோன்றினால், இரவில் நித்திரையைக் கெடுத்தால், காய்ச்சலுடனோ காரணமில்லாத மெலிவுடனோ வந்தால், வைத்தியரைக் காணுங்கள். பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம், இரு தொடைகளின் உட்புறத்திலும் மலவாயிலைச் சுற்றியும் உணர்வின்மை, சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த இயலாமை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அது நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். போக வசதியில்லாவிடின் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

அவசரமில்லாத நோவுக்கு அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவையைப் பொறுத்து இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்கு அனுப்புவார்கள். போகும்போது ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பிற்பகலில், நீங்கள் வேலையில் மூழ்கியிருக்கும் வேளை பார்த்து, தலையிலிருந்து பாதம் வரை தெரியும்படி பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்துத் தருமாறு சக ஊழியர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படம் எடுப்பது தெரிந்தால் எவரும் நிமிர்ந்துவிடுவார்கள். தெரியாமல் எடுத்த படத்தில்தான் இயன்மருத்துவருக்குத் தேவையானது இருக்கும். மேசையின் உயரத்தையும் இருக்கையின் உயரத்தையும் அளந்து அத்துடன் எழுதிக்கொடுத்தால், உங்கள் உடலுக்கும் அந்த மேசைக்கும் பொருந்தும்படியான ஆலோசனையை அவர் சொல்லமுடியும்.